ஐஸ்பெட்டியின் கை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'ஐஸ்பெட்டி' என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கை எப்போதும் சில்லென்று இருக்கும். பார்க்கும் வேலை அப்படி.

அவள் தயாரிப்பது ஒரு ஜெல். ரத்த ஓட்டம் கெட்டுப்போன இடத்தில் ஸ்டெம் செல்களை வெறுமனே ஊசியில் ஏற்றினால், பிடிமானம் இல்லாமல் பெரும்பாலானவை செத்துவிடும். ஜெல்லில் கலந்து ஏற்றினால் ஒட்டிக்கொண்டு பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்குத் தலைகீழ்க் குணம்: குளிரில் தண்ணீராக ஓடும், உடம்புச் சூடு பட்டால் உறைந்துவிடும். ஒருமுறை டாக்டர் ஒருவர் ஊசியைக் கையில் பிடித்தபடி அரட்டை அடித்தார். ஜெல் ஊசிக்குள்ளேயே கட்டியாகிவிட்டது. நல்லவேளை, அது எலிக்கு வைத்திருந்தது. அன்றிலிருந்து கடைசி நொடிவரை ஊசி இவள் பொறுப்பு. ஐஸ் பைகளுக்கு நடுவே கையை ஆறவைத்துவிட்டுத்தான் இவளே அதைத் தொடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கும் வந்தது சோதனை. எங்கள் புதுச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். பஸ் டிரைவர். ரத்தம் போகாமல் வலது கால் மரத்து, கறுத்துக்கொண்டு வந்தது. இது பலிக்காவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான். அவருடைய செல்களையே எடுத்து வளர்த்தோம். தேறியது ஒரே ஒரு ஊசிக்கு. "வேற ஆளைப் போடுங்க" என்று மன்றாடினாள். ஆள் இருந்தால்தானே?

மேஜையில் படுத்ததும், ஊரையே அதட்டி ஓரம்கட்ட வைக்கும் மனிதர் சின்னப் பிள்ளையாகிவிட்டார்.

"பயமா இருக்கு பாப்பா. கையைக் கொஞ்சம் குடேன்."

"முடியாதுண்ணா."

"கையைத்தானே கேட்டேன், சொத்தையா கேட்டேன்?"

"பேசாம படுண்ணா!"

ஐஸ் பைகளுக்குள் ஊசியோடு வைத்திருந்த இரண்டு கைகளையும் அவள் வெளியே எடுக்கவே இல்லை. முகக்கவசம் நனைந்துகொண்டிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. டாக்டர் கேட்டபோது ஊசியைக் கொடுத்தாள். மருந்து தண்ணீராகவே கெண்டைக்காலில் இறங்கியது.

அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "கூடப்பிறந்தவளாம்!" என்று பார்க்க வருபவர்களிடமெல்லாம் பொருமினார். அவளோ தினமும் வார்டுக்குப் போய், அந்த மரத்த பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பல வாரம் கழித்து ஒருநாள் நானும் கூடப் போனேன். வழக்கம்போல அவள் பாதத்தில் கை வைத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் துள்ளி எழுந்தார்.

"ஏய், கையை எடு! ஜில்லுன்னு இருக்கு!"

அவள் எடுக்கவில்லை. இன்னொரு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.