இருபத்திரண்டு நாள் ஆப்சென்ட்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு பிரமிளா ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் அடித்து வைத்தாள். டீ தம்ளர் ஆடிப்போயிற்று. பொதுவாக எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்தேன்.

"இன்னாண்ணா இது? கிளாசுக்கே வராத பொண்ணு எப்படி மார்க் மேல மார்க் வாங்கிக்கினு போறா?"

திருப்பதியில் எங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். டிகிரி சேர்வதற்கு முன்னால் ஒரு வருஷம் இங்கிலீஷ் மட்டும் படிக்க வேண்டும். இந்த வருஷம் ஒன்பது நாடு, நாற்பத்திரண்டு பேர். யார் தேறுகிறார்கள், யார் பின்தங்குகிறார்கள் என்று பார்த்துக் கைதூக்கிவிடுவது பிரமிளாவின் வேலை. முகத்தைக் காட்டினால் வருகை பதியும் மிஷினைக் கட்டி மேய்ப்பது, புத்தூர்க்காரன் ஜெயச்சந்திரனாகிய என் வேலை.

பிரமிளா நகரிக்காரி. வீட்டில் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவள் என்பதால் ரகசியம் சொன்னாலும் மூன்று அறை தாண்டிக் கேட்கும். டிகிரியில் இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு தடவை ஃபெயில். அதை மறைக்கவே மாட்டாள். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பத்து நிமிஷம் எதிரே உட்காரவைத்துப் பேசவைப்பாள். திக்கிக்கொண்டிருந்த ஒருத்தன் ஒரு முழு வாக்கியம் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், வராந்தாவுக்கு ஓடிவந்து ஊருக்கே சொல்லுவாள். சம்பளத்துக்கு மட்டும் வேலை பார்க்கிற எங்களுக்கெல்லாம் வெட்கமாக இருக்கும்.

தாளில் இருந்த பெயர் மலிஸ். கம்போடியாப் பெண். பத்தொன்பது வயது. இந்தப் பருவக் கணக்குப்படி இருபத்திரண்டு நாள் ஆப்சென்ட். வருகை அறுபத்திரண்டு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் மறுநாள் சனிக்கிழமை பரீட்சைக்கு உட்கார முடியாது. உட்காராவிட்டால் ஸ்காலர்ஷிப் போச்சு, பிள்ளை ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பெயர்ப் பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. ஆனால் அதே பெண்ணுக்குக் இங்கிலீஷைக் கேட்டுப் பதில் எழுதும் தேர்வில் பத்துக்கு நாலாக இருந்த மார்க் ஏழு ஆகியிருக்கிறது. ஒரு வீட்டுப்பாடம்கூட விட்டுப்போகவில்லை. வாராவாரம் தன் எதிரே வந்து உட்கார்ந்தாள் என்று பிரமிளா சத்தியம் செய்தாள். ஒன்று உன் மிஷினுக்குப் பைத்தியம், இல்லை எனக்குப் பைத்தியம் என்றாள்.

என் மிஷினைச் சொன்னால் விடுவேனா? இரண்டு பேரும் ஓடினோம். மதிய வகுப்புக்குப் பிள்ளைகள் வரிசையாக முகம் காட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மலிஸ் வந்து நின்றாள். சிவப்பு விளக்கு, ஒரு கீச்சுச் சத்தம். அவள் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். மொட்டை. மிஷினில் இருக்கும் படத்தில் அவளுக்கு இடுப்பு வரை கூந்தல். எதிரே நிற்பவளுக்குத் தலையில் அரை விரல்கூட முடி இல்லை. எங்கள் ஊரில் வாரத்துக்குப் பத்து மொட்டை என் மேசைக்கு வரும், புதுப் படம் எடுத்துக்கொண்டு போகும். யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்போடியாப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்? சிவப்பு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

பிரமிளா குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! வகுப்பு நடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மலிஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நான் படம் எடுத்து, படிவத்தை மடமடவென்று நிரப்புவதற்குள் மூன்று ஆசிரியர்களிடம், இந்தப் பெண் தினமும் வந்தாள் என்று கையெழுத்து வாங்கிவிட்டாள். மணி நாலேகால். லிஃப்டுக்கு நிற்காமல் மலிஸையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளுக்குள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சந்தோஷம்.

பரீட்சைப் பிரிவு அதிகாரி வெங்கடரமணன் சார் கறார்ப் பேர்வழி. ரூல்ஸ் ரூல்ஸேம்மா என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், கையெழுத்துகளைப் பார்த்ததும் இறங்கிவந்தார். படிவத்தைப் படித்தார். முகம் மாறிய காரணம் என்ற இடத்தில் நான் வழக்கம்போல எழுதியிருந்தேன்: திருமலை, முடி காணிக்கை. சார் மலிஸைப் பார்த்துச் சிரித்து, தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று இங்கிலீஷில் கேட்டார்.

எஸ் சார் என்பாள், கையெழுத்து விழும், கீழே போய் டீ குடிக்கலாம் என்று நான் நின்றிருந்தேன். மலிஸ் படிவத்தையே பார்த்தாள். பிறகு இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இல்லை சார். கோயில் இல்லை. என் அப்பா இறந்துவிட்டார். எங்கள் ஊரில் மகள் முடி எடுப்பாள்."

மொட்டையோடு அவள் வந்த முதல் நாள், லட்டு எங்கே என்று கேட்டவன் நான். ஹாஸ்டல் வார்டன் கேட்டார், கேண்டீன்காரம்மா கேட்டார், பிரமிளாவும் கேட்டிருக்கிறாள். எல்லாருக்கும் எஸ் சொல்லியிருக்கிறாள் இந்தப் பெண்.

ஏன் சொல்லவில்லை என்று பிரமிளா கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்டிருக்காது.

"எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள் மேடம். சிரிக்கிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

ஊருக்கு வரவேண்டாம், பரீட்சை எழுது, அதுதான் அப்பா கேட்டது என்று அம்மா சொன்னாராம். அதனால் ஒரு நாள்கூட விடாமல் வகுப்புக்கு வந்தாளாம். சார் எழுந்து நின்று, நான் எழுதியிருந்த காரணத்தைத் தன் பேனாவால் அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி நாலு நாற்பது.

அன்று பிரமிளா நகரி ரயிலை விட்டுவிட்டாள். கேண்டீனில் மலிஸை உட்காரவைத்து, உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டாள். அந்தப் பெண் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். வினைச்சொல் தப்பினால் உடனே திருத்துகிற பிரமிளா ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

புதன்கிழமை ரிசல்ட். மலிஸுக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று. பிரமிளா போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து வெங்கடரமணன் சாரே இறங்கி வந்துவிட்டார். மலிஸ் அங்கேயே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் வந்த அம்மாவுக்கும் மொட்டைத் தலை. மகள் என்னவோ சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. மலிஸ் போனைத் தன் மேடம் பக்கம் திருப்பினாள். மூன்று பாஷையில் வாய் ஓயாத பிரமிளா திரைக்கு நேரே வந்து நின்றாள். கைகூப்பினாள். அந்தப் பக்கமும் அந்த அம்மா கைகூப்பினார்.