இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பரிசோதனைக்கூடம். தண்ணீர், பால், மசாலாப்பொடி, எதைக் கொண்டுவந்தாலும் அதில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை. வீட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்களிடம் ஈயம், பாதரசம் போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதனுள் எரியும் சுடர் சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு. ஒரு டேங்கர் லாரித் தண்ணீரில் கடுகளவு ஈயம் கரைந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும். போன ஆயுத பூஜைக்குக் கும்பிட்டே விட்டேன். இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று கூடத்தின் பொறுப்பாளரான மேடம் சொல்லியிருந்தார். வாசல் கிரில்லுக்கும் வண்டிகளுக்கும் பொட்டு, நம் ராஜாவுக்கு இல்லையா என்று மனசு கேட்கவில்லை. வரிசையாக நிற்கும் குழாய்களுக்குள் ஊசியை இறக்கி ஏற்றும் அதன் கை மீது சந்தனம் பூசி, தாராளமாகக் குங்குமம் வைத்தேன்.

விடுமுறை முடிந்து நான் முதலில் எடுத்தது திருவேற்காட்டு அம்மா ஒருவரின் கட்டைப்பை. அவருடைய மூன்று வயது மகளுக்கு ஓயாத வயிற்றுவலி. ரத்தத்தில் ஈயம் என்று தெரிந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே கெட்டுவிடும் என்றிருந்தார் டாக்டர். பையில் கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஒரு பொம்மையின் கால்.

எல்லாவற்றிலும் ஈயம் வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

"இன்னா சார், எதுல கீது?"

"எல்லாத்துலயும் இருக்கும்மா."

"தண்ணிலயுமா? அப்போ ஊட்டயே காலி பண்ணிடறோம் சார்." கணவருக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

பின்னாலிருந்து மேடம் கேட்டார். "பிளாங்க் பாத்தியா?"

பிளாங்க் என்பது எதுவுமே கலக்காத சுத்த நீர். அதில் பூஜ்யம் வந்தால்தான் மற்ற எண்களை நம்பலாம். நான் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் அதிலும் ஈயம். மேடம் இயந்திரத்தின் அருகே குனிந்தார்.

"என்ன இது?"

"பொட்டு மேடம்."

"யாரு வெச்சது?"

நான் ஏசியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

சந்தனம் காய்ந்து, கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குங்குமம் குழாய்களுக்குள் உதிர்ந்திருக்கிறது. "மலிவா பளிச்னு செவப்பு வேணும்னா சில பேர் ஈயச் சாயத்தக் கலந்துடுவாங்க" என்றார் மேடம். குங்குமப் பாக்கெட்டில் மிச்சமிருந்ததைச் சோதித்தோம். திரையில் கோடு உச்சி வரை ஏறி நின்றது.

துடைத்து, கழுவி, மாதிரிகளைப் புதிதாக எடுத்து ஓட்டினேன். மதியத்துக்குப் பிளாங்க் பூஜ்யம். கிணறு சுத்தம், கேன் சுத்தம், தூள்கள் சுத்தம், பொம்மைக் காலும் சுத்தம்.

"மன்னிச்சிக்குங்கம்மா, தப்பு என்னோடது. ஊட்ட காலி பண்ணாதீங்க. எதுலயும் ஒண்ணும் இல்ல."

அவர் சந்தோஷப்படவில்லை. "அப்போ எங்கேர்ந்துதான் சார் வருது?"

குழந்தையைப் பார்த்தேன். அது நெற்றியிலிருந்த பெரிய பொட்டைத் தேய்த்து, விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அரைநாளாக நான் துடைத்த அதே சிவப்பு.

"குங்குமத்த ஏம்மா பையில வெக்கல?"

"அது சாமிக்கு வெக்கறது சார். தெனம் குளிப்பாட்டி பாப்பாவுக்கும் வெப்பேன். அதப் போயி யாராச்சும் டெஸ்ட்டுக்குக் குடுப்பாங்களா?"

மறுநாள் குங்கும டப்பாவோடு வந்தார். மறுபடியும் அதே உச்சி. நான் ஒழுங்கான ஆளாக இருந்திருந்தால், கொண்டுவந்த ஐந்திலும் ஈயம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். அவ்வளவும் உண்மையாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் அந்த அம்மா மகளைக் குளிப்பாட்டி, அதே குங்குமத்தால் பொட்டு வைத்திருப்பார்.

விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் மகளின் நெற்றியை அழுத்தித் துடைத்தார். பிறகு டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டார்.

"சாமி குங்குமம் சார், குப்பையில போடக் கூடாது. கெணத்துல கரைச்சிடட்டா?"

வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

"வேணாம்மா. இங்கயே குடுங்க."

"மரியாதையா வெப்பீங்களா?"

"வெக்கறேன்."

நச்சுப்பொருள் அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். "பூ வெச்சிடாத" என்றார் மேடம்.

நாலு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். ஈயம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாம், வயிற்றுவலியும் இல்லையாம். குழந்தையின் நெற்றியில் ஒன்றுமில்லை.

"அந்த டப்பா கீதா சார்?"

காட்டினேன். எச்சரிக்கை மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்த அலமாரியின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கிண்டலாக ஏதாவது சொல்ல வாய் திறந்தேன். பிறகு நானும் செருப்பைக் கழற்றினேன்.