யாரும் படிக்காத முன்னுரை

கொல்லிமலை அடிவாரத்து ஜமீன் ஒன்றின் மகள், கல்யாணம் நிச்சயமான பிறகு, வீட்டுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க வந்த சேலத்துக் கிறிஸ்தவ வாத்தியாரோடு போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிறவர்களுக்கு அதுவே வசதி. ஒரு தொடர்கதையில் கடைசியில் கிணற்றில் விழுந்தாள். ஒரு நாடகத்தில் திரும்பி வந்து அப்பன் காலில் விழுந்தாள். சமீபத்து நாவலில் பக்கம் பக்கமாகப் பெண்விடுதலை பேசினாள். ஆய்வேட்டுக்காக அத்தனையும் படித்து, வயலின் என்ற சொல்லைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வந்தது.

அந்தக் குடும்பத்தின் இன்றைய மகள் என் கல்லூரித் தோழி. ஜமீன் போய் இப்போது கோழிப்பண்ணை. அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புருஷன் வீட்டுக் குலதெய்வத்துக்குப் போவதற்கு முன், பிறந்த வீட்டுக் கோயிலில் பெண் தன் கையால் கடைசிப் பொங்கல் வைப்பது அவர்கள் வழக்கம். இவள் வீட்டுப் பெண்கள் மட்டும் மதிலுக்குள்ளேயே வரக்கூடாது. அண்ணன் தம்பிதான் வைப்பார்கள். பானை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு, வடக்கு வாசல் வழியாக அந்த ஜமீன் மகள் ஓடினாளாம், அதனால்தான்.

அந்தக் காட்சி தொடர்கதைக்காரர் கட்டியது. புத்தகமானபோது அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்: திருவிழா பார்க்கப் போன இடத்தில் கோயில் பிடித்துப்போனதாம், காட்சியை அங்கே வைத்துக்கொண்டாராம். இதைச் சொன்னதும் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் பொங்கல நானே வெக்கோணும் புள்ள. பெரியப்பாகிட்ட வந்து சொல்லு.”

புத்தகத்தோடு பஸ் ஏறினேன். வெயிலில் போய் இறங்கி, முன்னுரையை மூச்சு விடாமல் படித்துக் காட்டினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார்.

“கதைன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா அம்மிணி? அதுக்கு முந்தி எங்கூட்டுப் புள்ளைங்களும் பொங்கல் வெச்சவிங்கதான். கதை வந்து ஊரு சிரிச்சப்பறம் நிறுத்திப்போட்டமுங்க. மாப்பள ஊட்டுக்காரங்களும் அதப் படிச்சிருக்காங்க. முன்னுரை படிச்சிருக்க மாட்டாங்க.”

அவர்களிடமும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

“எத்தன ஊட்டுக்குங்க போவீங்க?”

மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

கோயிலில் பொங்கல் வைத்த அன்று தோழியின் தம்பி அடுப்பு மூட்டினான். நான் அந்த வீட்டுப் பெண் இல்லையே, அதனால் தாராளமாக உள்ளே நின்றேன். புகையில் கண் எரிந்தது. மதிலுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தவள் போனில் கூப்பிட்டாள்.

“பொங்கிருச்சா?”

“பொங்கிருச்சு.”

“எந்தப் பக்கம்?”

“கிழக்கால.”

“சரி, எனக்காகக் குலவை போடு” என்றாள். எனக்குக் குலவை போடத் தெரியாது. போனை அடுப்பருகே நீட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மட்டும் போட்டேன்.