வராத கார்டுக்கு இத்தனை கிராக்கி

கம்ப்யூட்டர் கடையில இருக்குற சரக்கை விக்குறது லேசு. இன்னும் வராத சரக்கோட மல்லுக்கட்டி விக்குறதுதான் பாடு. தென்காசியில என் கடைக்கு முதலாளி, மெக்கானிக் ரெண்டும் நான்தான். செல்போன் கடை, டிவி கடை வச்சிருக்குற மக்களே, உங்களுக்கும் இதே கூத்துதானே?

பெட்டி வந்த அன்னைக்கு

ஆலங்குளத்துல கல்யாண வீடியோ எடுக்குற முருகேசன் அண்ணாச்சி, வீடியோ வேலையை வேகமா முடிக்குற கிராபிக்ஸ் கார்டு, இருக்குறதுலேயே உசந்தது வேணும்னாரு. அவர் வாய்ச்சொல்லை நம்பி ஒண்ணு வரவழைச்சேன். டீலர் முதல்லயே கறாரா சொல்லிட்டாரு, திருப்பி எடுக்க மாட்டேன்னு. அந்த ஒரு பெட்டியிலதான் என் மொத்த முதலும் முடங்கிக் கிடக்கு.

பெட்டி வந்ததும் போன் போட்டேன். அண்ணாச்சி குரலை இழுத்தாரு. அடுத்த மாடலோட படம் நெட்டுல கசிஞ்சிருச்சாம், இதைவிட ரெட்டிப்பு வேகமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பெட்டியே இன்னும் பிரிக்கல அண்ணாச்சி"ன்னேன். அவர் அசரல.

"பிரிக்கலைன்னாலும் பழசு பழசுதானம்மா!"

பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி

கார்டு செய்யுறதுல ரெண்டு கம்பெனிக்குள்ள போட்டி. ஒண்ணோட பெட்டி பச்சை, இன்னொண்ணு சிவப்பு. சாயங்காலமானா காலேஜ் பையன்க ரெண்டு பேரு, ராசுவும் செல்வமும், என் கடை வாசல்ல வந்து நின்னு சண்டை போடுவானுவ. அடுத்த வருசம் பச்சைக் கார்டுதான் ஜெயிக்கும்னு ராசு கத்துதான். சிவப்புதான் கெலிக்கும்னு செல்வம் துள்ளுதான். ஒருநாள் ரெண்டு பேரும் சட்டையைப் பிடிக்காத குறை. உள்ள வந்த கஸ்டமர் பயந்து வெளிய போயிட்டாரு.

"ஏலே, நிறுத்துங்கலே! உங்கள்ல யாராவது கார்டு வாங்கப் போறீங்களா?"ன்னு சத்தம் போட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டானுவ. செல்வம்தான் பதில் சொன்னான்.

"இல்லக்கா, நாங்க ஆதரவு மட்டுந்தான்."

சீசன் எப்போ?

குற்றாலத்துல லாட்ஜ் நடத்துற அண்ணாச்சி ஒருத்தர், மகனுக்காக அந்தக் கார்டைப் பாக்க வந்தாரு. தொட்டுப் பாத்தாரு, தூக்கிப் பாத்தாரு. சரி, இன்னைக்கு வித்துரும்னு நினைச்சா, "அடுத்தது எப்பம்மா வருது?"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

நான் விடுவேனா? "உங்க லாட்ஜுக்குப் போன் போட்டு, அருவியில தண்ணி எப்போ நல்லா விழும்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"ன்னேன். "இப்பவே ஜோரா விழுது, கிளம்பி வாங்கம்பேன்"ன்னாரு. "அதையேதான் நானும் சொல்லுதேன், இப்பவே வாங்கிருங்க"ன்னேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே செருப்பை மாட்டினாரு.

"அதனாலதாம்மா நான் உன்னை நம்ப மாட்டேங்கேன்!"

முகூர்த்த மாசம்

போங்கப்பா, நீங்களும் உங்க கார்டும்! பெட்டியைப் பிரிச்சு என் கடை கம்ப்யூட்டர்லயே மாட்டிட்டேன். 'கல்யாண வீடியோ சீக்கிரம் முடித்துத் தரப்படும்'னு வாசல்ல போர்டும் வச்சேன். நாள் பூரா இழுக்குற வேலையை அது ஒரு டீ குடிச்சு வர்றதுக்குள்ள முடிச்சிரும். இதுக்கிடையில புதுக் கார்டும் வந்துட்டுன்னு அறிவிப்பு வந்துச்சு. அறிவிப்புதான் வந்துச்சு, சரக்கு எப்போ வரும்னு டீலருக்கே தெரியல.

முகூர்த்த மாசம் பொறந்துச்சு. முருகேசன் அண்ணாச்சியோட பழைய மெஷின் மக்கர் பண்ணிருச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோ எங்கன்னு நெருக்குதாங்க. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கிட்டு என்கிட்டதான் ஓடி வந்தாரு. இங்கன பாத்தா, பெஞ்சுல அவருக்குப் பரம விரோதி, தென்காசி ஸ்டுடியோ சங்கரன் அண்ணாச்சி, முன்னாடியே உக்காந்திருக்காரு. அவரும் புதுசு வரட்டும்னு காத்திருந்தவர்தான். ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஒரே பெஞ்சுல உக்காந்தாங்க. என்னால சிரிப்பை அடக்க முடியல. கொஞ்ச நேரத்துல முருகேசன் அண்ணாச்சி எந்திரிச்சு வந்து, என் காதோரம் குனிஞ்சாரு.

"ஏம்மா, அவன் வீடியோவை மட்டும் கொஞ்சம் மெதுவா ஓட விடேன்."

இனிமே அடுத்த கார்டு வரப்போகுதுன்னு எவன் புரளி கிளப்பினாலும், அவனை உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் கொடுக்குறதா இருக்கேன், என் பொழப்பே அதுலதானே ஓடுது!