ஊசிப்புல்லுக்கு வைத்த தீ

ஊசிப்புல்லைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஐப்பசி மழைக்கு முளைக்கும், தையில் விதை கட்டும், மாசியில் காய்ந்து செத்துப்போகும். சாகிறதே, சும்மா சாகிறதா? வேட்டி, பேண்ட், ஆட்டின் உதடு என்று கிடைத்ததில் எல்லாம் விதையைக் குத்திவிட்டுத்தான் சாகும். சனியன்.

சாத்தான்குளம் போகிற வழியில், தாமிரபரணித் தண்ணீர் எட்டாத மேட்டில், எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. தாத்தா அப்பாவுக்கு எழுதிவைத்தது. அப்பா திருநெல்வேலிக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்தபின் நான்கு வருடமாக அதில் ஏர் இறங்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சித்தப்பா, நான்கு வருடமும் தானே உழுது பயிரிட்டதாகவும் நிலம் தனக்கே வரவேண்டும் என்றும் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தார். கூடப் பிறந்தவர். கொஞ்சமும் கூசவில்லை. அப்பா பதில் மனுக் கொடுத்தார். ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், நேரில் வந்து பார்ப்பதாக முடிவானது.

முதல் நாள் அப்பா என்னை அனுப்பினார்.

"ஏலே, அங்கன போயி நாலு எல்லைக்கல்லும் எங்க இருக்குன்னு பாத்து வை. ஆர்.ஐ. கேப்பாரு."

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு ஊசிப்புல். கல்லாவது மண்ணாவது. ஒரு மணி நேரம் தேடி இரண்டுதான் கிடைத்தது. விதை பேண்ட்டைத் துளைத்துத் தொடையில் ஏறியது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று, "என்னலே, இந்த வருசம் புல்லு வெள்ளாமையா?" என்றார். வந்த கோபத்தில் அவரிடமே தீப்பெட்டி வாங்கிக் கொளுத்திவிட்டேன். கால் மணி நேரத்தில் நான்கு கல்லும் தெரிந்தன. ஆபீஸர் வரும்போது நிலம் துப்புரவாக இருப்பது நமக்குக் கௌரவம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் அப்பா கரிந்த நிலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சித்தப்பாவும் பார்த்தார். அவருக்கு ஒரு பார்வை போதும்.

"அண்ணாச்சி, நாலு வருசத் தரிசு, முழங்கால் மட்டும் புல்லு நிக்குதுன்னு எழுதியிருக்கிய. எங்க?" என்றார் ஆர்.ஐ.

"ஆள் விட்டு எரிச்சேன் சார்," என்றார் சித்தப்பா. "உழவுக்குத் தயார் பண்ணுதேன்."

"நான்தான் சார் எரிச்சேன். கல்லு தெரியணும்னு," என்றேன்.

"தன் பக்கத்துச் சாட்சிய எவனாவது எரிப்பானா தம்பி?" என்றார் ஆர்.ஐ.

பக்கத்து நிலத்துக்காரரைக் கை காட்டினேன். "நான் ஒண்ணும் பாக்கல," என்று அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆர்.ஐ. சித்தப்பாவின் பெயரில் சாகுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் வந்ததும், ஏறுவதற்கு முன் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அவன் வெறும் பொய்யக் கொண்டுக்கிட்டுதாம்லே வந்தான். அதுக்கு ஆதாரத்த நீ குடுத்துட்ட."