பூட்டிய மண்டபம்

மண்டபத்துக் கேட்டின் கம்பியை அப்பா இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அந்த விரல்களை நான் இன்றுவரை மறக்கவில்லை.

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. கண்மாய்க் கரை உடைந்த அன்று மத்தியானம், உலை கொதிப்பதற்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவே ரோட்டோரத்துக் கல்யாண மண்டபத்துக்கு ஓடியது. மேடென்று இருந்தது அது ஒன்றுதான். அப்பாவுக்கு மூச்சிரைப்பு நோய். நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தோம். அத்தை அப்பாவுக்கு அக்கா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை பார்த்தாள்.

நாங்கள் வருவதைப் பார்த்ததும் மண்டபத்துக்காரர் உள்ளே போய்ப் பூட்டை எடுத்து வந்தார். எங்கள் கண் முன்னால் கேட்டைப் பூட்டினார்.

“நாளைக்குப் பெரிய இடத்துக் கல்யாணம். பூவெல்லாம் கட்டியாச்சு. சேத்துக் காலோட உள்ள விட்டா யாரு கழுவுறது?” என்றார்.

அத்தை கெஞ்சினாள். தம்பியை மட்டுமாவது உள்ளே விடச் சொன்னாள். அவர் குடையை விரித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கொட்டும் மழையில் நின்றோம். அதற்குள் செய்தி கேட்டு, தேங்காய்க் களம் வைத்திருந்த சம்சாரி ஒருவர் டிராக்டரோடு வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார். கொப்பரை காயப்போடும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். மறுநாள் சின்னாளபட்டி நெசவுக்காரர்கள் உலர்ந்த சேலைகளைக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். ரெட்டியார்சத்திரத்துப் பக்கமிருந்து கத்தரிக்காயும் பூசணியும் வேனில் வந்து இறங்கின. முன்பின் பார்த்திராதவர்கள். அத்தை அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டாள். அப்பா சாக்கு விரிப்பில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கருமாதி முடிந்ததும் அத்தை தெருவைக் கூட்டினாள். அழவில்லை. “அந்த மண்டபத்துல நம்ம தெருக் கல்யாணம் ஒண்ணுகூட நடக்கக் கூடாது. பந்தல் போடுங்க, நான் வந்து பொங்குறேன்” என்றாள். சொன்னபடியே செய்தாள். எட்டு வருஷம், தெருவில் எந்த வீட்டு விசேஷமென்றாலும் அவள்தான் அடுப்படியில் நின்றாள். சுற்று ஊர்க்காரர்களுக்கும் சேதி போனது. அவர்களும் மண்டபத்தை விட்டு விலகினார்கள். சுவரில் அரசங்கன்று முளைத்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வேன்.

போன ஐப்பசியில் மறுபடியும் வெள்ளம். இந்த முறை ஓடையை ஒட்டி மண்டபத்துக்காரர் கட்டியிருந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் தெரு ஆட்கள்தான் அவரையும் அவர் மனைவியையும் மீட்டு, காலையில் புதுப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினார்கள். மேடேற்றிக் கட்டிய கட்டடம். உள்ளே அத்தை சமைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்து கரண்டியோடு வந்தாள். அந்த அம்மாளை மட்டும் கைபிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து கேட்டைச் சாத்தினாள்.

“தெரியாமச் செஞ்சுட்டேன், தாயி” என்றார் அவர்.

“தெரியாமச் செஞ்சவுக பூட்டைத் தேடிப் போக மாட்டாக. என் தம்பி நின்ன நேரத்துக்கு நீங்களும் நில்லுங்க. பெறகு உள்ள வாங்க, சோறு இருக்கு.”

தேங்காய்க் களத்துக்காரர் பக்கத்தில் வந்து, வயதான மனுஷன், போதும் என்றார். அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மழை விடவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் குடையோடு நின்றேன். அவருக்குப் பல் கிட்டியது. என் குடையை ஒருமுறை பார்த்தார். கம்பி வழியாக நீட்டியிருக்கலாம். நான் நீட்டவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அத்தையே வந்து திறந்தாள். உலர்ந்த வேட்டி கொடுத்தாள். பந்தியில் எல்லாரோடும் உட்காரவைத்து, மறுசோறு கேட்டுப் போட்டாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அத்தைக்கு அத்தோடு ஆறிப்போயிற்று. இந்தத் தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்திலேயே வைத்துக்கொள் என்று அவளே சொல்கிறாள். தெருவில் பந்தலுக்குச் சொல்லிவிட்டேன். வழியில் எதிர்ப்பட்டால் அந்த மனுஷர் கும்பிடுகிறார். நான் திரும்பிக் கும்பிடுவதில்லை. அத்தை திட்டுகிறாள். திட்டட்டும்.