கோயம்புத்தூர் நூலும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா பிறந்ததும் வாழ்ந்ததும் புதுவையின் உப்பளம் பகுதியில். அப்பா மறைந்தபின் ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தார்; திருமணம் வேண்டாமென்று தம்பிகள் மூவரையும் வளர்த்தார். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். அச்சம் பிறகுதான் வந்தது. அதுவரை எங்கள் ஆலைத் துணி பிரெஞ்சு நாடுகளுக்குக் கப்பலேறியது. இனிக் கோயம்புத்தூர்த் துணியோடு ஒரே சந்தையில் நிற்க வேண்டும். அங்கே ஒரு பெண் இங்குள்ளதைவிட அதிகக் கதிர்களை, அதாவது நூல் சுற்றும் தண்டுகளை, கவனிக்கிறாள் என்றார்கள். ஆலை மூடப்போகிறது என்ற பேச்சு வாரந்தோறும் வந்தது.

அடுத்து வந்த பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில் (தேதி நிச்சயமாகத் தெரியாததால் எழுதவில்லை), அறுந்த நூலை முடிச்சிடுவதில் பிரிவிலேயே கைவேகம் மிக்க அக்காவைக் கூடுதல் கதிர்களில் நிறுத்திப் பார்க்கப்போவதாகப் புதிய அதிகாரி ஒருவர் அறிவித்தார். அக்கா தேறினால் எல்லோருக்கும் அதே அளவு; மிஞ்சும் பெண்களுக்கு வேலை இல்லை. மாலையில் தோழிகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

“யக்கா, நீ பறந்து பறந்து முடிச்சு போட்டீன்னா எங்க புள்ளைங்க இன்னாத்த துன்னும்?”

“மெதுவா போட்டா மில்லையே இழுத்து மூடிடுவான்டி. அப்ப மட்டும் நெய்ச்சோறு துன்னுமா?”

சிரித்தார்கள். சிரிப்பு நிலைக்கவில்லை.

மறுநாள் அக்கா மெதுவாகவே செய்ய எண்ணிப் போனார். ஆனால் நூல் அறுந்தால்தானே முடிச்சு? சோதனைக்கென்று கோயம்புத்தூர் நூலை வைத்திருந்தார்கள். அது எங்கள் ஆலையின் பழைய நூலைப்போல அறுவதாயில்லை. வேகத்தைக் குறைக்க அக்கா தம் நகத்தாலேயே இழையைக் கிள்ள வேண்டும். கிள்ளவில்லை.

“பார்த்தியாம்மா, முடியுதே!” என்றார் அதிகாரி.

“முடியுதுங்க. நாளைக்கும் இந்த நூலே குடுப்பீங்களா?”

அவர் அடுத்த வரிசைக்கு நடந்தார். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது, கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு மாதப் பிறப்பும் எங்கள் வீட்டில் பயத்தோடுதான் விடிந்தது.

சென்ற ஆண்டு நெஞ்சு நோய் முற்றியபோதும், பெயரை நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சி அக்கா வேலைக்குப் போனார். நிற்க மட்டுமே முடிந்தது. இருபுறத் தோழிகளும் தங்கள் கதிர்களோடு அக்காவின் கதிர்களையும், ஓயாமல் அறுந்துகொண்டிருக்கும் அந்தப் பழைய நூலில், அவர் படுக்கையில் விழும்வரை பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வாண்டு, 1962 ஆகஸ்ட் 16-இல், புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததைக் காண அக்கா இல்லை.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அந்தத் தோழிகளுக்குப் பெயர் சொல்லாமல்தான் நன்றி கூற முடிகிறது. அவர்கள் கூடுதல் கதிர் பார்த்தது மேலிடத்துக்குத் தெரிந்தால், பழைய நூலிலும் அது முடியும் என்பதற்கு அவர்களே சாட்சியாகிவிடுவார்கள். அக்காவின் இந்த நினைவு மலரை ஆலைக்குள் எடுத்துச்செல்ல வேண்டாமென எல்லோரையும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.